வலியே இல்லை, மூட்டுக்குள் பிளாஸ்டிக் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். மறுபடியும் ஆபரேஷன் அவசியமா?

கடலூர் முதுநகரிலிருந்து 51 வயதுச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இது. வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். 2005-இல் மாடிப்படியில் விழுந்து வலது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. திருகு போட்டும் எலும்பு சேரவில்லை. பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனது. அதே ஆண்டில் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 31. "அதன்பின் ஒரு நாள்கூட அந்த மூட்டுக்காக நான் மருத்துவரைப் பார்த்ததில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது" என்கிறார்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததால் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். முறிவு எதுவும் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்த மருத்துவர், கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்து பந்து மேலே ஏறிவிட்டது, எலும்பில் ஓட்டை போலத் தெரிகிறது, சீக்கிரம் மாற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வரும் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வலியே இல்லாதபோது எதற்கு ஆபரேஷன்? இந்த மூட்டுக்கு ஆயுள் 15 வருடம்தான் என்று ஏன் யாரும் சொல்லவில்லை? மட்டமான பிளாஸ்டிக்கை வைத்து ஏமாற்றிவிட்டார்களா? தேய்ந்த தூள் உடம்பில் புற்றுநோயை உண்டாக்குமா? நடப்பதை நிறுத்திவிடலாமா? கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? இவை அவருடைய கேள்விகள். மைத்துனர் வழக்குப் போடச் சொல்கிறாராம். புதிதாக மூட்டு மாற்றினால் முழு செராமிக் (பீங்கான் வகை) மூட்டுதான் போட வேண்டும் என்றும் சொல்கிறாராம். புதிய எக்ஸ்ரேயையும், பீரோவுக்குப் பின்னால் கிடைத்த 2012-ஆம் ஆண்டுப் படத்தையும் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இது இன்றைக்கோ நாளைக்கோ ஓடிப்போய்ச் செய்துகொள்ள வேண்டிய அவசர ஆபரேஷன் இல்லை. ஆனால் கல்யாணம் முடியட்டும் என்று மூடி வைக்கக் கூடியதும் இல்லை. நேரில் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

உங்கள் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இடுப்பெலும்பில் ஒரு கொட்டாங்குச்சியைப் போல உலோகக் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. நாளடைவில் எலும்பு அதன் சொரசொரப்பான வெளிப்புறத்தில் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அந்தக் கிண்ணத்துக்கு உள்ளே பிளாஸ்டிக் உள்ளுறை ஒன்று. இதைத்தான் மருத்துவர்கள் லைனர் என்கிறார்கள். தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டின் உச்சியில் ஒரு பந்து. பந்து உருளுவது பிளாஸ்டிக்கின் மேல்தான். ஆகவே இந்த மூட்டில் நடக்க நடக்கத் தேய்வதற்கென்றே இருக்கும் பாகம் அந்த லைனர். மற்ற பாகங்கள் உறுதியாக இருந்தால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியும். உங்கள் மருத்துவர் மாற்ற வேண்டும் என்று சொன்னது முழு மூட்டையா, லைனரை மட்டுமா என்று கடிதத்தில் இல்லை. அடுத்த முறை கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

எக்ஸ்ரேயில் பிளாஸ்டிக் தெரியாது. கிண்ணமும் பந்தும் வெள்ளையாகத் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள கருமையான இடைவெளிதான் பிளாஸ்டிக். பந்து நட்டநடுவில் இருந்தால் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கும். உங்கள் புதிய படத்தில் பந்தின் விட்டத்தை 28 மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டு அளந்தால், மேலே சுமார் 4 மில்லிமீட்டர், கீழே சுமார் 9 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது பந்து ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் மேலேறியிருக்கிறது. 2012 படத்தில் வித்தியாசம் இதைவிடக் குறைவு. கைப்பேசிப் படத்தில் அளப்பது சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். முதல் ஓரிரு ஆண்டுகளில் பிளாஸ்டிக் அழுந்தி இறங்குவதும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். இருந்தாலும் 20 ஆண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. 0.05-க்குக் கீழே இருந்தால் எலும்பு அரிப்பு அரிதாகவே வரும், 0.1-ஐத் தாண்டினால் வரும் வாய்ப்புக் கூடும் என்பது எங்கள் துறையில் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் அளவுகோல். உங்கள் மருத்துவர் கவலைப்பட்டதற்கு நியாயம் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்திப் பணம் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை.

வலி இல்லாததை வைத்து முடிவு செய்யாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். உங்கள் முடிவு முழுவதும் இதைச் சார்ந்தது. பிளாஸ்டிக்கில் நரம்பு கிடையாது. அது தேயும்போது வலிக்காது. அந்தத் தூள் எலும்பை அரிக்கும்போதும் பெரும்பாலும் வலிக்காது. பந்து இரண்டரை மில்லிமீட்டர் மேலேறியதென்றால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிலிட்டர் பிளாஸ்டிக் தூளாகியிருக்கிறது என்று கணக்கு. கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் அது ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களாக, ஒவ்வோர் அடிக்கும் லட்சக்கணக்கில் உதிர்கிறது. அந்நியப் பொருள் என்று கண்டு உடலின் வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன, செரிக்க முடிவதில்லை. அப்போது அவை வெளியிடும் வேதிப்பொருள்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. கிண்ணத்தைச் சுற்றியும் தண்டைச் சுற்றியும் எலும்பு கரைந்து குழியாகிறது. உங்கள் படத்தில் கிண்ணத்துக்கு மேலே தெரியும் கருத்த வட்டம் அப்படிப்பட்ட குழியாக இருக்கக்கூடும்.

வலி எப்போது வரும்? கிண்ணம் பிடிப்பு விட்டு ஆடும்போது, அல்லது மெலிந்த எலும்பு முறியும்போது. அதுவரை காத்திருந்து வந்தவர்களுக்கும் அறுவை செய்திருக்கிறேன். பழைய லைனரை வெளியே எடுத்தால் வெண்மையாக இருந்தது மஞ்சளித்திருக்கும். ஒரு பக்கத்தில் பிறை வடிவத்தில் பள்ளம். அந்தப் பள்ளம் கண்ணாடி போலப் பளபளக்கும். சிலரிடம் விளிம்பு விண்டிருக்கும்; சிலரிடம் பிளாஸ்டிக் ஓட்டையாகிப் பந்து உலோகத்தையே உரசியிருக்கும். கிண்ணத்துக்குப் பின்னால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் மசிந்த சதை இருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகு புதிய கிண்ணத்தைப் பொருத்த உறுதியான எலும்பைத் தேட வேண்டியிருக்கும். அந்த அறுவை நீண்டது, ரத்த இழப்பு அதிகம், செலவு அதிகம், பலனோ குறைவு. உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதுதான் என் கவலை.

குளியலறையில் வழுக்கியதால் இது இப்போது தெரியவந்தது. வலி இல்லாவிட்டாலும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று அன்றே உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது குறைதான். நம் பக்கம் இன்றும் பரவலாக நடக்கும் குறை.

மட்டமான பிளாஸ்டிக்கா?

இல்லை. குடத்துக்கும் வாளிக்கும் ஆகும் பாலிஎத்திலீன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், இதன் மூலக்கூறு எடை 20 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை; சாதாரண வகையைவிட மிக அதிகம், அதனால்தான் தேய்மானத்தைத் தாங்குகிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1958-இலிருந்து, தொடக்கத்தில், போட்டது டெஃப்லான் கிண்ணங்களை. வழுக்கல் நன்றாக இருந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, சுற்றிலும் திசு வீங்கி, ஏறக்குறைய 300 நோயாளிகள் அவதிப்பட்டார்கள். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹாரி கிரேவன், ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த பாலிஎத்திலீனைத் தேய்மான எந்திரத்தில் போட்டுப் பார்த்தார். அது தாக்குப்பிடித்தது. 1962 நவம்பரிலிருந்து கிண்ணம் அதில் ஆனது. இனியும் ஏமாறக் கூடாது என்று சார்ன்லி இரண்டின் துகள்களையும் தன் தொடையிலேயே ஊசியால் செலுத்திப் பார்த்தார் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. லைனர்களைக் காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமிநீக்கம் செய்து, காற்றுள்ள உறையில் அடைத்து வைத்தார்கள். கதிரால் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு, ஆக்சிஜனோடு சேர்ந்து, அலமாரியில் இருக்கும்போதே அது நொறுங்கும் தன்மை அடைந்தது. 1990-களில் ஆக்சிஜன் இல்லாத உறைக்கு மாறினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்ததுதான் பெரிய மாற்றம்: 50 முதல் 100 கிலோகிரே வரை கதிர் பாய்ச்சிச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, பிறகு சூடாக்கி, ஆக்சிஜனோடு சேரும் மிச்சத் தன்மையைக் குறைக்கிறார்கள். இந்தக் குறுக்குப்பிணைப்பு பாலிஎத்திலீன் பழையதைவிடப் பல மடங்கு குறைவாகத் தேய்கிறது. 2007 முதல் வைட்டமின் ஈ கலந்த வகையும் இருக்கிறது.

2005-இல் பழைய வகையும் புதிய வகையும் ஒருசேரப் புழக்கத்தில் இருந்தன. தேய்ந்திருக்கும் அளவைப் பார்த்தால் உங்களுடையது பழைய வகையாக இருக்கலாம். அன்றைக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட பொருள்தான். அதோடு உங்கள் எலும்பு சிறியது என்பதால் கிண்ணமும் சிறியது. லைனர் ஆறரை மில்லிமீட்டர் அளவுக்கே தடிப்பாக இருந்திருக்கும். 31 வயதில் போட்டதால் நடையும் அதிகம். தேய்மானத்தைத் தீர்மானிப்பது எத்தனை ஆண்டு என்பதைவிட எத்தனை அடி நடந்தோம் என்பதுதான்.

15 ஆண்டு ஆயுள் என்பதும் சரியல்ல. அது காலாவதித் தேதி இல்லை. பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்து 2019-இல் வெளியான ஆய்வில் 15 ஆண்டுகளில் சுமார் 89 சதவீதமும், 25 ஆண்டுகளில் சுமார் 58 சதவீதமும் மறு அறுவை இல்லாமல் இருந்தன. அவற்றில் 25 ஆண்டு கண்டவை பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்தான்.

புற்றுநோய்க் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இடுப்பு மூட்டு மாற்றியவர்களை நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வுகளில், இதனால் பொதுவாகப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. அந்தப் பயத்தை விடுங்கள். அதே நேரம், கால்சியம் மாத்திரையோ எண்ணெய் போட்டு நீவுவதோ இந்த எலும்பு அரிப்பை நிறுத்தாது.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

அடுத்த இரண்டு வாரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுங்கள். எக்ஸ்ரே குழியின் அளவைக் குறைத்தே காட்டும், சி.டி.யில்தான் சுவர் எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். கூடவே உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள். கிருமித்தொற்றும் எலும்பை இப்படி அரிக்கும் என்பதால் அதை விலக்கியாக வேண்டும்.

கிண்ணமும் தண்டும் உறுதியாக இருந்தால், லைனரையும் பந்தையும் மட்டும் மாற்றி, குழியில் எலும்புத் தூள் நிரப்பலாம். உங்களுக்கு இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். எலும்பில் பிடித்திருக்கும் உலோகத்தைத் தொட வேண்டியதில்லை என்பதால் முழு மறு அறுவையைவிட இது சிறியது. ஆனால் சிறியது என்பதால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லைனர் மட்டும் மாற்றியவர்களுக்கு மூட்டு நழுவும் வாய்ப்பு கூடுதல். தொற்று, ரத்தக்கட்டு அபாயங்களும் உண்டு. கிண்ணம் சாய்வாகப் பொருந்தியிருந்தாலோ, லைனரைப் பூட்டும் அமைப்பு சேதமாகியிருந்தாலோ கிண்ணத்தையும் மாற்ற நேரலாம். இதை மருத்துவர் உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்வார். அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே உங்களிடம் விளக்கி வாங்க வேண்டும்.

குழி சிறியதாக, லைனரில் போதிய தடிப்பு மிச்சம் இருப்பதாகச் சி.டி. காட்டினால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்துக் கவனித்துக் காத்திருப்பதும் நியாயமான வழிதான். படமே எடுக்காமல் காத்திருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முழு செராமிக் வேண்டும் என்ற மைத்துனரின் யோசனை பற்றி: ஏற்கெனவே 20 ஆண்டு உழைத்த கிண்ணத்துக்குள் செராமிக் லைனரைப் பொருத்துவது பொதுவாக நல்லதல்ல, சரியாக உட்காராவிட்டால் உடையலாம். செராமிக் பந்தும் குறுக்குப்பிணைப்பு பிளாஸ்டிக் லைனரும் சேர்ந்த ஜோடி உங்களுக்கு நல்ல தேர்வு. பழைய தண்டின் உச்சியில் செராமிக் பந்து வைக்கும்போது இடையில் டைட்டானிய உறை ஒன்று தேவைப்படும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வந்தது, விலை கூடியது என்பதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிளாஸ்டிக்கே இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை மூட்டு 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்திய நோயாளிகளும் பாதிக்கப்பட்டு, அரசு இழப்பீட்டுக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது.

பழைய தாள்களைத் தேடுங்கள்

லைனர் கிண்ணத்தோடு பூட்டிக்கொள்ளும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம், அளவுக்கு அளவு மாறும். ஒன்றின் லைனர் இன்னொன்றில் சேராது. 2005-இல் போட்ட மாடல் இன்று சந்தையில் இல்லாமலும் போயிருக்கலாம். எனவே உங்கள் மூட்டின் பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் மிக முக்கியம். உதிரிப்பாகப் பெட்டியில் வரும் சிறிய ஸ்டிக்கர்களை டிஸ்சார்ஜ் சம்மரியிலோ அறுவைக் குறிப்பிலோ ஒட்டியிருப்பார்கள். எக்ஸ்ரே கிடைத்த அதே பீரோவை இன்னொரு முறை அலசுங்கள். பழைய மஞ்சள் பைகள், எல்.ஐ.சி. தாள்கள் வைத்திருக்கும் கோப்பு, எல்லாவற்றையும். கிடைக்காவிட்டால் பழைய மருத்துவமனைக்கு எழுத்துபூர்வமாக விண்ணப்பியுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான். இல்லை என்று சொன்னால் அறுவை அரங்கப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் இல்லையென்றால் அனுபவமுள்ள மருத்துவர் எக்ஸ்ரேயின் வடிவத்தை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். பொருந்தும் லைனர் கிடைக்காத நிலையில், புதிய லைனரைச் சிமென்ட் வைத்துப் பழைய கிண்ணத்துக்குள் பதிக்கும் முறையும் உண்டு.

வழக்கைப் பொறுத்தவரை, 20 ஆண்டு உழைத்துத் தேய்ந்தது கவனக்குறைவுக்குச் சான்றாகாது. தொடர் பரிசோதனை பற்றிச் சொல்லாதது குறைபாடுதானா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக் காலவரம்பு இருக்கிறது. அந்த அலைச்சலுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. மறு அறுவையும் மூட்டுப் பாகமும் அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்பே கேளுங்கள். உங்களுக்கு ஜிப்மர் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டாவது கருத்துக்கு அங்கே போவதானால் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் அசலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

நடையும் கல்யாணமும்

நடப்பதை நிறுத்தாதீர்கள். நடக்காவிட்டால் இடுப்புத் தசை மெலியும், எலும்பும் மெலியும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் காலையில் நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள், சி.டி. முடிவு வரும்வரை மணலில் வேண்டாம், வீட்டைச் சுற்றி நடந்தால் போதும். குந்தி உட்காருவதும் தரையில் உட்கார்ந்து எழுவதும் வேண்டாம். மோட்டார் பொருத்திய தையல் மெஷினில் வேலை செய்வதால் மூட்டுக்குத் தொந்தரவு இல்லை. நாற்காலி மட்டும் முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். கைத்தடியை வலது கையில் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வலது இடுப்புக்கு இடது கையில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மூட்டின் மேல் விழும் சுமை நன்றாகக் குறையும். எழும்போது தொடை இடுக்கில் வலி, திடீர் நொண்டல், கால் குட்டையானதுபோல் உணர்வு, காய்ச்சலோடு வலி இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. சி.டி.யில் லைனர் மிக மெலிந்தோ குழி பெரிதாகவோ தெரிந்தால் என் கருத்து தெளிவானது: கல்யாணத்துக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். லைனர் மட்டும் மாற்றினால் பெரும்பாலோர் ஆறு வாரத்தில் தடியோடு தாராளமாக நடப்பார்கள், மூன்று மாதத்தில் வீட்டு வேலைக்குத் திரும்புவார்கள். பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலையும் வேலையைக் கணவரும் மைத்துனரும் பார்த்துக்கொள்ளட்டும். முகூர்த்தத்தன்று மணையில் உட்காராமல் நாற்காலியில் அமர்ந்து தாரை வார்க்கலாம். புரோகிதரிடம் முன்பே சொல்லி வையுங்கள். சி.டி. படமும் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.